காது அறுந்த நாயும் வாகன சித்தரும்

தொண்ணூற்றைந்தாம் வருஷம், வியாழக்கிழமை வந்தால் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் சைக்கிள் ரிக்‌ஷாகூட நகராது. அறுபத்து மூவர் உற்சவமா? இல்லை. ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா? அதுவும் இல்லை. கார்கள்! முன்பல் போன பியட், கன்னம் நசுங்கிய அம்பாசிடர், ஒற்றைக் கண் மாருதி, கதவைக் கயிற்றால் கட்டிய வேன். பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் நிற்பதுபோல வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் சொந்தக்காரர், கையில் ஒரு தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, வெற்றிலைக்கு அடியில் சமாசாரம்.

எல்லோரும் வாகன சித்தரைப் பார்க்க வந்தவர்கள்.

வாகன சித்தர் மனிதர்களுக்கு ஜோசியம் சொல்ல மாட்டார். மனிதர்கள் சின்ன விஷயம். கார்களுக்குத்தான் சொல்வார். எந்தக் கார் எங்கே மோதியது, எந்தக் கிரகம் பிரேக்கை மிதிக்க விடாமல் காலைப் பிடித்துக்கொண்டது, எதனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் இந்த வருஷம் பிரீமியத்தை ஏற்றினான், எல்லாம் அவருக்குத் தெரியும். பூட்டிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தின் கார் ஷெட்தான் ஆசிரமம். அம்பாசிடரின் பின் சீட் ஒன்றைக் கழற்றி, புலித்தோல் மாதிரி அச்சடித்த வெல்வெட்டைப் போர்த்தி, அதன்மேல் பத்மாசனம். தலைக்குப் பின்னால் குங்குமம் வைத்த ஸ்டியரிங். வலது கைப் பக்கம் ஒரு ரப்பர் ஹாரன். ஒருவருக்கு அருள் பாலித்து முடிந்ததும் "பாம்... பாம்" என்று அழுத்துவார். அடுத்த ஆள் வரலாம்.

சுவரில் மெட்ராஸ் வரைபடம் ஒன்று தொங்கியது. மயிலாப்பூருக்குக் கேது. தி. நகருக்கு ராகு. தேனாம்பேட்டைக்குச் சனி; சிக்னலில் நின்றவர்களுக்கு அது புரியும். அடையாறுக்குச் சந்திரன், அதனால் பெயிண்ட் தேய்ந்துகொண்டே போகும். நல்ல கிரகம் ஒன்றே ஒன்று, குரு. அவர் ஆதம்பாக்கத்தில் இருந்தார். அதிலும் ஒரே ஒரு வீட்டில் இருந்தார். அது சித்தருடைய மச்சான் வீடு. மாதாமாதம் காணிக்கை கட்டினால் அந்த விலாசத்தை உங்கள் காருக்கு விலாசமாகப் போட்டுக்கொள்ளலாம். நாற்பத்திரண்டு கார்கள் அங்கே குடியிருந்தன. அந்தச் சந்தில் ஒரு ஸ்கூட்டர் திரும்புவதே கஷ்டம் என்று சொல்பவர்கள் நாத்திகர்கள்.

இந்த வரிசையில்தான் தங்கவேல் நின்றுகொண்டிருந்தார். பனகல் பார்க் டாக்ஸி ஸ்டாண்டில் வெள்ளை அம்பாசிடர் வைத்திருப்பவர். தானே முதலாளி, தானே டிரைவர். இரண்டு வருஷத்தில் நான்கு முறை மோதியிருந்தார். நான்கு முறையும் இன்சூரன்ஸில் பணம் கேட்டு வாங்கியிருந்தார். கம்பெனி சும்மா இருக்குமா? 'தங்கள் வாகனத்தின் மீது அதிக அளவில் இழப்பீடு கோரப்பட்டுள்ளதால்' என்று தொடங்கி, பிரீமியத்தின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிக் கடிதம் அனுப்பிவிட்டது. லோடிங் என்று அதற்குப் பெயர். வண்டிக்கு லோடு ஏற்றுகிற ஊரில் வண்டிக்காரனுக்கும் ஏற்றுகிறார்கள்.

மொத்தம் ஐயாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பாலிசி காலாவதி. வரும் திங்கட்கிழமை வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிப் பரிசோதனை. பாலிசி இல்லாமல் போனால் இன்ஸ்பெக்டர் முத்திரை குத்த மாட்டார். முத்திரை இல்லாவிட்டால் டாக்ஸி ஓடாது. டாக்ஸி ஓடாவிட்டால் வீட்டில் உலை கொதிக்காது. தங்கவேலின் வாழ்க்கை அந்த வாரம் இவ்வளவுதான்.

பணம் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் அதைக் கேட்பதற்கு இப்போது இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று கம்பெனி. இன்னொன்று சித்தர்.

அது எப்படி வந்தது என்றால், போன வியாழக்கிழமை முதல் தரிசனம். சித்தர் கண்ணை மூடினார். புருவத்தை நெரித்தார். "தங்கவேலு! பனகல் பார்க்கு! வெள்ளை அம்பாசிடர்!" என்றார்.

கூட்டம் "ஆ!" என்றது. டோக்கன் கொடுக்கும்போது பேர், ஸ்டாண்டு, வண்டி நம்பர், நிறம் எல்லாம் எழுதி வாங்கியிருந்தார்கள். மூன்று நாள் பூஜையில் வைக்க வேண்டுமாம். அது அந்த நேரம் பார்த்து ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"தை மாசம்... உஸ்மான் ரோடு... இன்னா அது? ஒரு நாயி தெரியுதே!"

தங்கவேல் இன்னும் இரண்டடி கிட்டே நகர்ந்தார்.

"கறுப்பு நாயி. இடது காது அறுந்து தொங்குது. குறுக்கால பாயுது. நீ ஒடிக்கிற. நின்னுக்கினு இருந்த தண்ணி லாரி மேல போய் முட்டுற!"

"ஐயோ சாமி!" என்று தங்கவேல் காலில் விழுந்துவிட்டார்.

விழுந்ததற்குக் காரணம் பக்தி அல்ல, பயம். ஏனென்றால் அந்த நாய் கிடையவே கிடையாது.

இங்கே இனாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மந்தைவெளியில் கார் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். நசுங்கிய பானெட்டைத் தட்டி நிமிர்த்துவதில் கெட்டிக்காரர். இழப்பீட்டுப் படிவத்துக்கு வாசகம் சொல்லிக் கொடுப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். விபத்து எப்படி நடந்தது என்று படிவத்தில் நான்கு வரி காலி இடம் விட்டிருப்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதப் போனால் இனாயத் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார்.

"உண்மைய எழுதினா ஒரு பைசா தரமாட்டான் நைனா. நாயி வந்துச்சுன்னு எழுது. நாயி யாருக்கும் சொந்தம் கெடையாது, சாட்சிக்கும் வராது. சும்மா நாயின்னு எழுதினா நம்பமாட்டான். கறுப்பு நாயி, இடது காது அறுந்ததுன்னு போடு. அப்பத்தான் உயிர் வரும்."

இப்படி உயிர் பெற்ற நாய் அது. நிஜத்தில் தங்கவேல் அன்றைக்கு டாஷ்போர்டிலிருந்து விழுந்த பொரிகடலைப் பொட்டலத்தைக் குனிந்து தேடினார். நிமிர்ந்தபோது எதிரே தண்ணி லாரி.

காகிதத்தில் மட்டும் ஓடிய நாய் சித்தருடைய கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மூளை உள்ளவன் என்ன நினைப்பான்? இவர் அந்தக் காகிதத்தைப் படித்திருக்கிறார் என்று நினைப்பான். தங்கவேல் வேறு விதமாக நினைத்தார். 'சாமி பொய் சொல்லமாட்டார். அப்படியென்றால் நாய் இருந்திருக்க வேண்டும். நான்தான் குனிந்துவிட்டதால் பார்க்கவில்லை. பாவம், வாயில்லா ஜீவன்.' அடுத்த மூன்று நாளும் உஸ்மான் ரோடு முனையில் வண்டியை ஓரம் கட்டி, டீக்கடையில் பொறை பிஸ்கட் வாங்கிக்கொண்டு, காது அறுந்த நாயைத் தேடினார். வந்த நாய்களுக்கெல்லாம் இரண்டு காதும் நன்றாக இருந்தன. பொறையைத் தின்றுவிட்டுப் போயின.

சித்தர் தீர்ப்பு தெளிவாக இருந்தது. ராகு ஸ்தலத்தில் வண்டி நிற்கிறது. மகா வாகன சாந்தி செய்து தகடு அடித்து டாஷ்போர்டில் பதிக்க வேண்டும். பிறகு விபத்தே வராது. விபத்தே வராதவனுக்கு பாலிசி எதற்கு?

"எஃப்.சி.க்கு பாலிசி கேப்பாங்களே சாமி?"

"தகடு அந்த இன்ஸ்பெக்டரு கண்ணை மறைக்கும். பாலிசி இருக்கிறாப்பல தெரியும்."

"எவ்ளோ ஆகும் சாமி?"

சித்தர் விரலில் எண்ணினார். "அஞ்சாயிரத்து நானூத்தி பத்து. வர்ற வியாழக்கெழமை கொண்டா." பாம், பாம்.

இந்த வாரம் திங்கட்கிழமை காலை தங்கவேல் கம்பெனியின் தேனாம்பேட்டை கிளை ஆபீஸுக்குப் போனார். பாலிசி வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று. சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷப் பழக்கம் இருக்கிறதே.

இழப்பீட்டுப் பிரிவில் ஸ்ரீரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். மயிலாப்பூர்ப் பெண். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சிவப்புப் பென்சில். தங்கவேல் சொன்ன கதை முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கறுப்பு நாயா? இடது காது அறுந்ததா?"

"ஆமா மேடம். சாமி அப்டியே கண்ணை மூடிக்கினு சொன்னாரு."

ஸ்ரீரஞ்சனி அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்து, பேர்களைக் கையால் மறைத்துக்கொண்டு புரட்டினாள். "இந்த வருஷம் மட்டும் இந்த நாய் பதினோரு தரம் குறுக்கே ஓடியிருக்கு. பொங்கலன்னிக்குக் கார்த்தால பத்து மணிக்கு அடையாறுல ஓடறது. அதே பத்து மணிக்கு லஸ் கார்னர்லயும் ஓடறது. பஸ் பிடிச்சுண்டு போனாக்கூட முடியாது. தங்கவேல், நெஜமாச் சொல்லுங்கோ. நாய் வந்துதா?"

வரவில்லை என்று சொன்னால் பொய்க் கணக்கு. பாலிசியும் போகும், போலீஸும் வரும். "சத்தியமா வந்துது மேடம்," என்றார் தங்கவேல்.

"சரி. சாமி எவ்வளவு கேட்டார்?"

சொன்னார். ஸ்ரீரஞ்சனி மேஜைமேல் இருந்த புதுப்பிப்புக் கடிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அதே தொகை. "ஐயாயிரம் கேட்டா சாமி. ஐயாயிரத்து ஐந்நூறு கேட்டாலும் சாமி. ராகுவுக்கு அந்தப் பத்து ரூபா எதுக்கு?"

தங்கவேல் யோசித்தார். யோசிப்பது அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

"இந்தக் கடுதாசியையும் அந்தப் படிவத்தையும் எங்கே ஜெராக்ஸ் எடுத்தேள்?"

"கீழ கபாலி கடைலதான். எல்லாரும் அங்கதான எடுக்குறாங்க. சாமிக்கு டோக்கன் குடுக்கறதும் அவருதான். நல்ல மனுசன் மேடம். மூணு காப்பி கேட்டேன். மிசினு நாலாவதா ஒண்ண இழுத்துடுச்சு. 'வேஸ்ட்டு நைனா, அதுக்குக் காசு வாணாம்'னு சொல்லிட்டு டப்பால போட்டுட்டாரு."

"எல்லாருக்கும் அப்படித்தான் இழுக்கறதா அந்த மெஷின்?"

"பழைய மிசினு மேடம்."

ஸ்ரீரஞ்சனி சிரிக்கவில்லை. "பாருங்கோ. உங்க பிரீமியம் ஏறினதுல ரகசியமே கிடையாது. மெட்ராஸ்ல வண்டி ஜாஸ்தி, ரோடு நீளவும் இல்லை, அகலவும் இல்லை. பாதியைத் தோண்டிப் போட்டிருக்கா. தண்ணி லாரி நடுத்தெருவுல நிக்கறது. மழை பெஞ்சா இஞ்சினுக்குள்ள தண்ணி. டாக்ஸின்னா நாள் பூரா ரோட்டுல. அதுக்கு மேல நீங்க நாலு தடவை கேட்டேள். இதுல கேது எங்கே வந்தான்?"

"கபாலி அண்ணன் ஒண்ணு சொன்னாரு மேடம். கம்பெனிக்காரன் ஊரைப் பாத்து ரேட்டு போடறான், சாமி தெருவப் பாத்து போடறாரு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு."

"கம்பெனி தப்பாப் போட்டா கணக்கைக் காட்டுன்னு நீங்க சண்டை போடலாம். சாமிகிட்ட போடுங்கோ பாப்போம்." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "வியாழக்கிழமை நீங்க பணத்தோட போங்கோ. நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா எங்க பெரியம்மா உங்களுக்கு முன்னாடி வருவா. அவளுக்கு சாமி என்ன சொல்றார்னு கேட்டுட்டு அப்புறம் உங்க பணத்தை எடுங்கோ."

"சாமியச் சோதிக்கக் கூடாது மேடம்."

"கத்தரிக்காயைப் புரட்டிப் பாத்துதானே வாங்கறோம்? கத்தரிக்காய் சாபம் குடுக்கறதா என்ன?"

பெரியம்மாவின் பேர் அபயாம்பாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் டிரங்க் கால் போட்டு ஓய்வு பெற்றவர். யார் யாரிடம் என்ன பொய் சொல்கிறார்கள் என்பதைக் காதாலேயே கேட்டுக் கேட்டு, உலகத்தின்மேல் ஒரு தமாஷான அபிப்பிராயம் வைத்திருந்தவர். அன்று சாயங்காலமே கபாலி கடையில், பூர்த்தி செய்த இழப்பீட்டுப் படிவம் ஒன்றை மூன்று காப்பி எடுத்தார். மெஷின் நான்காவதாக ஒன்றை இழுத்தது. மாமி அதைப் பார்க்காத மாதிரி குடையைத் தேடினார். "வண்டிக்கு அடிக்கடி கண்டம் வருதா மாமி?" என்று கபாலி பரிவோடு டோக்கன் கொடுத்தான்.

வியாழக்கிழமை. கூட்டம் ஷெட்டைத் தாண்டிச் சந்துவரை வழிந்தது. இனாயத்தும் அங்கே இருந்தார். பக்திக்காக அல்ல. மெட்ராஸில் இத்தனை நசுங்கிய வண்டிகளை ஒரே இடத்தில் வேறெங்கே பார்க்க முடியும்? வரிசையில் நடந்து நடந்து தன் ஷெட் முகவரி அடித்த அட்டையை ஒவ்வொரு கண்ணாடியிலும் செருகிக்கொண்டிருந்தார். சித்தருக்குப் பக்கத்தில் கபாலி, நெற்றி நிறைய விபூதியோடு, தட்டு வாங்கும் உத்தியோகம். ஸ்ரீரஞ்சனி அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓரமாக நின்றாள். தங்கவேல் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அபயாம்பாள்!" என்றார் சித்தர், கண்ணை மூடி. "செவப்பு மாருதி!"

"ஆமா ஸ்வாமி," என்று மாமி குரலை நடுங்கவிட்டார்.

"பங்குனி மாசம்... தெப்பக்கொளம் ஓரமா நிக்குது வண்டி. கருப்பா ஒண்ணு வருதே... பெருசா வருதே... கொம்பு தெரியுதே! எருமை! எருமை வந்து பானெட்டு மேல உக்காருதே!"

"ஐயோ, உக்காந்துதே ஸ்வாமி! எழுந்துக்கவே மாட்டேன்னுதே!"

"உக்காந்தது எருமை இல்லம்மா. யமனோட வாகனம்! உன் வண்டி மேல யமன் பார்க்கிங் பண்ணிட்டுப் போய்க்கீறான். யம சாந்தி பண்ணணும்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு பியட்காரர் கண்ணீரே விட்டார்.

அபயாம்பாள் மாமி நடுங்குவதை நிறுத்தினார். டிரங்க் கால் குரல் வெளியே வந்தது. "எல்லாரும் கேட்டுக்கோங்கோ. எங்காத்துல காரே கிடையாது. எனக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. நான் போறது வரது எல்லாம் பன்னெண்டு பி பஸ்ஸுல. இந்த எருமையை நான் திங்கட்கிழமை காபி குடிச்சுண்டே எழுதினேன். எழுதின காகிதத்தை இதோ நிக்கறானே, இவன் கடையில ஜெராக்ஸ் எடுத்தேன். வேற எந்த ஜீவனுக்கும் காட்டலை. ஸ்வாமிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கூட்டம் முழுக்கச் சித்தர் பக்கம் திரும்பியது.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிய வேண்டும். ஆனால் ஏமாற்றுகிறவனைவிட ஏமாறுகிறவனுக்குத்தான் ஏமாற்று தேவை. சித்தர் மெல்லக் கண்ணைத் திறந்தார். புன்னகை செய்தார்.

"நடந்தது மட்டுமா எனக்குத் தெரியும்? நடக்கப் போறதும் தெரியுமே! அந்த எருமை இன்னும் வரல. வரும்! நீ கார் வாங்குவ. அது உக்காரும்!"

"ஆஹா!" என்று கூரை அதிர்ந்தது. "மாமி, வாங்கிடாதீங்க!" என்று ஒருவர் பதறினார். "செவப்பு மட்டும் வாணாம் மாமி!" என்றார் இன்னொருவர். பியட்காரர் மாமியைப் பார்த்து, "உங்களுக்கு என்னா பாக்கியம், கார் வாங்கறதுக்கு முந்தியே எச்சரிக்கை!" என்று பொறாமைப்பட்டார். ஸ்ரீரஞ்சனி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "நாத்திகம் பேசாத, போம்மா!" என்று நான்கு பேர் அவளை வாசல் பக்கம் நெருக்கினார்கள்.

பாம், பாம். "தங்கவேலு! வா நைனா. கொண்டாந்தியா?"

தங்கவேல் முன்னால் போனார். கை பைக்குள் போனது. நோட்டுகள் விரலில் பட்டன.

எருமை வரப்போகிறது, சரி. ஆனால் நாய்? நாய் போன தை மாசம் வந்ததாகச் சொன்னார். போன தை மாசம் அந்த இடத்தில் இருந்தது யார்? தான் இருந்தார். பொரிகடலை இருந்தது. தண்ணி லாரி இருந்தது. சாமி நாயைப் பார்த்தாரே, பொரிகடலையை ஏன் பார்க்கவில்லை? காரின் உள்ளே முழுக்கச் சிதறிக் கிடந்ததே! வாரம் பூராவும் பெருக்கினேனே! கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறவருக்குக் கடலை தெரியாதா?

வாயைத் திறந்தால் போதும். ஆனால் வாசல் ஓரமாக ஸ்ரீரஞ்சனி நிற்கிறாள். கம்பெனி ஆள். அவள் காதில் விழும்படி இதைச் சொன்னால் பாலிசி அவ்வளவுதான். சொல்லாவிட்டால் கையில் இருக்கும் பணம் அவ்வளவுதான். இரண்டு பக்கமும் எஃப்.சி. இல்லை. ஒரு பக்கம் மட்டும் பொய் இல்லை.

"சாமி," என்றார். குரல் எலிபோல வந்தது. "அந்த நாயி..."

"அதுக்குத்தான் சாந்தி பண்றோம்."

"இல்ல சாமி. அந்த நாயே இல்ல சாமி."

"இன்னா ஒளர்ற?"

"நாயி இல்லவே இல்ல!" இப்போது குரல் சந்துவரை கேட்டது. "நான் கீழ குனிஞ்சு கடலைப் பொட்டலத்தத் தேடிக்கினு இருந்தேன். லாரி மேல உட்டுட்டேன். படிவத்துல பொய்யா எழுதினேன். இல்லாத நாயி, காதெல்லாம் வெச்சு எழுதினேன். அது முடிஞ்சு போன விசயம் சாமி, வரப் போறது இல்ல. நெஜமா நடந்தத உட்டுட்டு, நான் எழுதின பொய்ய மட்டும் எப்டி சாமி பாத்த?"

சித்தர் ஹாரனை அழுத்தினார். பாம். யாரும் நகரவில்லை.

பியட்காரர் மெல்லக் கையைத் தூக்கினார். "எனக்கும் நாய்தான் சொன்னார். கறுப்பு. காது அறுந்தது." தொண்டையைச் செருமினார். "வந்தது நாய் இல்லை. என் மைத்துனன். ஸ்கூட்டர்ல."

"எனக்கும் நாயி," என்றார் வேன்காரர். "ஆனா நான் தூங்கிட்டேன்."

"எனக்கும்..."

"எனக்கும்..."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் பொறுக்க முடியாமல் வெடித்தது. "அட, என் நாயி நைனா அது!" இனாயத் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். "நான் பெத்த நாயி! என் ஷெட்டுல உக்காந்து நான் சொல்லி எழுதினது. காது நான் அறுத்தது! அத்த எடுத்து இந்த ஆளு கடைபோட்டு விக்கிறானா? எனக்குப் பங்கு எங்கடா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் சித்தரின் ஒளி அணைந்துவிட்டது. பக்தி கோபத்தைத் தாங்கும், சந்தேகத்தைக்கூடத் தாங்கும். சிரிப்பைத் தாங்காது. கபாலி தட்டை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினான். அபயாம்பாள் மாமி சித்தருக்குப் பக்கத்தில் இருந்த பூஜை மேஜையின் பட்டுத் துணியைத் தூக்கினார். கீழே கட்டுக் கட்டாக ஜெராக்ஸ். கிழமைவாரியாக அடுக்கி, வாழைநாரால் கட்டியிருந்தது. ஒவ்வொரு கட்டுக்கு மேலும் ஒரு பூ.

"என்னோடது!" "என்னோடது!" என்று ஆளுக்கு ஆள் தங்கள் விபத்தைப் பொறுக்கிக்கொண்டார்கள். தங்கவேல் கையில் வேறொருவருடைய காகிதம் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். "பி. கே. ஏகாம்பரம். தொழில், ஜோதிடம். பச்சை கான்டசா. முழுக் காப்பீடு... புதுப்பிக்கப்பட்டது."

எல்லோரும் சந்துமுனையைப் பார்த்தார்கள். சித்தருடைய பச்சை கான்டசா எலுமிச்சம்பழ மாலையோடு நின்றுகொண்டிருந்தது.

"கபாலி," என்றாள் ஸ்ரீரஞ்சனி, "உங்க சாமி வந்தப்போகூட நாலாவது காப்பி எடுத்துட்டேளா?"

"பழக்கம் மேடம்," என்றான் கபாலி, ஒற்றைச் செருப்போடு.

"ஏன் சாமி," என்று பியட்காரர் கேட்டார், அழாக்குறையாக, "எங்களுக்குத் தகடு, உனக்கு மட்டும் பாலிசியா?"

வாகன சித்தர் இந்தக் கேள்விக்குக் கண்ணை மூடவில்லை. காலைத்தான் நம்பினார். ஓடிப்போய் கான்டசாவில் ஏறினார். ஆனால் முன்னால் இருபது அடிபட்ட கார்கள், பின்னால் இருபது அடிபட்ட கார்கள். கேது விடவில்லை. மயிலாப்பூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு நடந்தே வந்து சேரும்வரை ஏகாம்பரம் உள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கவேல் தேனாம்பேட்டையில் நின்றார். கையில் பணம், இன்னொரு கையில் மன்னிப்புக் கடிதம். தானே எழுதியது. அதில் பொரிகடலை இருந்தது, லாரி இருந்தது, வேறு பிராணி இல்லை. மானேஜர் அரை மணி நேரம் கத்தினார். இன்னொரு தடவை இப்படி எழுதினால் இந்தப் படியேறக் கூடாது என்றார். சர்வேயர் வண்டியை நேரில் பார்த்திருக்கிறார், மோதியது நிஜம், செலவும் நிஜம் என்று ஸ்ரீரஞ்சனி கோப்பைக் காட்டினாள். மானேஜர் இன்னும் பத்து நிமிஷம் கத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டார். லோடிங்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

பாலிசியை வாங்கிக்கொண்டு தங்கவேல் தயங்கினார். "மேடம், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கே கடலைப் பொட்டலம்னு எழுதியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"பணம் வந்திருக்கும்."

"தப்பு என்னோடதாச்சே?"

"தப்புப் பண்ணாதவா மட்டும்தான் வரலாம்னா நாங்க எதுக்குக் கடை திறக்கணும்? மனுஷா கவனக்குறைவா இருப்பான்னு தெரிஞ்சுதானே பிரீமியமே வாங்கறது."

"அப்ப அந்த நாயி தேவையே இல்லியா?"

"இல்லை."

"இத்தன வருசமா மெட்ராஸ் பூரா எழுதிக்கினு கீறாங்களே மேடம்!"

"யாராவது ஒருத்தர் கவுன்டர்ல வந்து கேட்டேளா? இனாயத் சொன்னார், எழுதிட்டேள். தகட்டை நம்பினவாளைப் பாத்துச் சிரிக்கறோம். நாம நாயை நம்பினோம்."

தங்கவேல் படியிறங்கினார். கபாலி கடை பூட்டிக் கிடந்தது. அதன் வாசலிலேயே இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நங்கநல்லூரில் ஓர் அம்மா இருக்கிறாளாம். ஆர்.சி. புத்தகத்தை முகர்ந்து பார்த்தே வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுகிறாளாம். ஒருவர் விலாசம் சொல்ல, இன்னொருவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டவர் பியட்காரர்.

எந்த டாக்ஸி டிரைவரும் காலையில் வண்டியை எடுக்கும் முன்னால் நான்கு டயரையும் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான். டயர் அதற்காகக் கோபித்துக்கொண்டதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை. அருள்வாக்கு என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அதையும் அப்படி ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள், ஐயா. தட்டினதற்குச் சாபம் கொடுக்கிறார்களா? அப்படியானால் அதில் காற்று இல்லை. வீட்டுக்கு நடந்தே போங்கள், பத்திரமாகப் போய்ச் சேருவீர்கள்.